விர்ச்சுவல் மெஷின் மென்பொருள்: பணம் கட்டுவதிலும் மேம்படுத்துவதிலும் வரும் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

விஎம் (விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) திறக்கவில்லை என்றவுடன் பலர் முதலில் போய் நிற்கும் இடம் விலைப் பட்டியல். புதிய பதிப்பை வாங்கினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. இந்த வகை மென்பொருளில் அது அடிக்கடி பொய்த்துப்போகும். காசு போயிருக்கும், கோளாறு அப்படியே இருக்கும். ஆகவே அறிகுறியைப் பிடித்துக்கொண்டு போவோம். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். வீட்டுக் கணினிகளில் அதிகம் புழங்கும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன், ஃபியூஷன், பேரலல்ஸ் டெஸ்க்டாப், விர்ச்சுவல்பாக்ஸ் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எதையும் தொடும் முன் ஒரே ஒரு வேலை. விஎம்முக்குள் போய் முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். சஸ்பெண்ட் செய்தது, அதாவது ஓடும் நிலையிலேயே உறங்கவைத்தது, கணக்கில் வராது. பிறகு அந்த விஎம் இருக்கும் கோப்புறையை முழுதாக வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். மேக்கில் பேரலல்ஸ் விஎம் ஒற்றைக் கோப்பு போலத் தெரியும், அதையே அப்படியே எடுத்தால் போதும். “ஸ்னாப்ஷாட் (விஎம்மின் ஒரு நேரத்து நிலையைச் சேமித்த பதிவு) இருக்கிறதே” என்று விட்டுவிடாதீர்கள். ஸ்னாப்ஷாட்டும் அதே கோப்புறைக்குள்தான் கிடக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் சேர்ந்தே போகும்.

விஎம்வேர் சந்தா முடிந்துவிட்டது, புதுப்பிக்க எங்கே பணம் கட்டுவது என்று தெரியவில்லை

எங்கும் கட்ட வேண்டாம். 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கியது. 2024 மே மாதம் அதன் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் மேக்குக்கான ஃபியூஷன் ப்ரோவும் சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம் ஆயின. அதே ஆண்டு நவம்பர் 11 முதல் அலுவலகப் பயன்பாடு உட்பட எல்லோருக்குமே இலவசம், கட்டணச் சந்தா விற்பனையும் நின்றுவிட்டது. முன்பு இலவசமாகக் கிடைத்த வொர்க்ஸ்டேஷன் பிளேயரும் கைவிடப்பட்டது. ப்ரோவே இலவசம் என்றான பிறகு அதற்குத் தேவை இல்லை.

17-ஆம் பதிப்பின் பழைய வெளியீடுகளில், நிரல் முதலில் திறக்கும்போது “லைசென்ஸ் கீ இருக்கிறதா, சொந்தப் பயன்பாடா” என்று ஒரு பெட்டி கேட்கும். அங்கே காலாவதியான கீயைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன். சொந்தப் பயன்பாடு என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. அதைவிட நல்லது புதிய வெளியீட்டுக்குப் போய்விடுவது. அதில் இந்தக் கேள்வியே வராது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வொர்க்ஸ்டேஷன் 17-க்கு “ஆயுட்கால லைசென்ஸ் கீ” என்று சில நூறு ரூபாய்க்கு விற்கும் தளங்கள் இன்னும் உண்டு. இலவசமாகக் கொடுக்கும் பொருளுக்குச் சாவி விற்கிறார்கள். அதோடு இன்ஸ்டாலரையும் தாங்களே தருவதாகச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்தக் கோப்புக்குள் வேறு என்ன வைத்திருக்கிறார்கள் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

இலவசம் என்கிறார்கள், ஆனால் டவுன்லோடு ஆகவே மாட்டேன் என்கிறது

இங்கேதான் பாதிப் பேர் வெறுத்துப்போகிறார்கள். பிராட்காமின் ஆதரவுத் தளத்தில் கணக்கு தொடங்கி உள்ளே நுழைந்தவுடன் வொர்க்ஸ்டேஷன் கண்ணில் படாது. மேலே இருக்கும் பிரிவுத் தேர்வில் ‘விஎம்வேர் கிளவுட் ஃபவுண்டேஷன்’ என்பதை எடுக்க வேண்டும். பெயரைப் பார்த்தால் பெரிய நிறுவனங்களுக்கானது போலத் தோன்றும், பரவாயில்லை. அப்புறம் இடப்பக்கம் ‘மை டவுன்லோட்ஸ்’. அங்கேயும் பட்டியல் காலியாக இருக்கலாம், ஏனென்றால் அது பணம் கொடுத்து வாங்கியவற்றின் பட்டியல். அதே பக்கத்தில் இலவச மென்பொருள்களுக்கு என்று தனியே ஒரு சுட்டி இருக்கும். நாம் தேடுவது அதற்குள் இருக்கிறது.

பதிப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு இன்னொரு முட்டுக்கட்டை. நிபந்தனைகளை ஏற்கிறேன் என்ற சிறு கட்டம் சாம்பல் நிறத்தில் இருக்கும், எத்தனை முறை சொடுக்கினாலும் டிக் விழாது. பிரவுசரைக் குறை சொல்ல வேண்டாம். பக்கத்தில் இருக்கும் நிபந்தனைகள் என்ற சுட்டியை ஒருமுறை திறந்துவிட்டுத் திரும்பி வந்தால்தான் கட்டம் உயிர் பெறும். டிக் போட்டதும் வலது ஓரத்தில் மேகத்துக்குள் அம்புக்குறி போட்ட ஐகானை அழுத்துங்கள். முதல் முறை முகவரி கேட்கும் படிவம் ஒன்று வரும். அதை நிரப்பிவிட்டு மறுபடி அதே ஐகானை அழுத்தினால் இறங்கத் தொடங்கும்.

நிரலுக்குள் இருக்கும் அப்டேட் பரிசோதனையை அழுத்தினால் சான்றிதழ் பிழை என்று வருகிறதா? உங்கள் நெட்டிலும் கோளாறு இல்லை, கணினியிலும் இல்லை. பழைய அப்டேட் சர்வர் வழி அடைபட்டுவிட்டது. மேலே சொன்ன வழியில் புதிய இன்ஸ்டாலரை இறக்கி, பழையதன் மேலேயே நிறுவுங்கள். விஎம் கோப்புகளை இன்ஸ்டாலர் தொடாது. 17-க்கு அடுத்து 18-ஐத் தேடாதீர்கள். 2025 அக்டோபரில் வந்ததன் பெயர் 25ஹெச்2. எண் வரிசையை விட்டுவிட்டு ஆண்டை வைத்துப் பெயரிடத் தொடங்கிவிட்டார்கள்.

கார்டு மறுக்கப்படுகிறது

பணம் கட்டியே தீர வேண்டிய இடமும் உண்டு. மேக்கில் ஓடும் பேரலல்ஸ் டெஸ்க்டாப் இப்போதும் கட்டண மென்பொருள்தான். இந்திய வங்கிக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இங்கே வரும் சிக்கல் பெரும்பாலும் ஒன்றே: கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டிருக்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 மார்ச் 16-க்குப் பிறகு கொடுக்கப்படும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடைகளின் ஸ்வைப் கருவியிலும் மட்டுமே வேலை செய்யும் நிலையில் வரும். ஆன்லைனையும் வெளிநாட்டையும் நாமே திறந்துவிட வேண்டும். வங்கி ஆப்பில் கார்டு நிர்வாகப் பகுதிக்குப் போனால் இரண்டும் தனித்தனி சுவிட்சாக இருக்கும், பக்கத்தில் உச்சவரம்பும் இருக்கும். ஆன்லைன் சுவிட்ச் பச்சையாக இருப்பதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று வெளியே வந்துவிடாதீர்கள். வெளிநாட்டுப் பிரிவுக்குள்ளேயே ஆன்லைனுக்கு இன்னொரு சுவிட்ச் வைத்திருக்கும் ஆப்களும் உண்டு. வேலை முடிந்ததும் அதைத் திரும்ப மூடிவிடுங்கள்.

சுவிட்ச் எல்லாம் சரி, அப்போதும் மறுக்கிறது என்றால் விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள். இணைய முகவரி ஒரு நாடு, கார்டு ஒரு நாடு என்றால் மோசடித் தடுப்பு அமைப்பு தள்ளிவிடும். படிவத்தில் போடும் முகவரியும் பின்கோடும் வங்கியில் இருப்பது போலவே இருக்கட்டும். மறுத்த கையோடு வேறு வேறு கார்டை அடுத்தடுத்து முயல்வது நிலைமையைக் கெடுக்கும். பணம் போய்விட்டதாகக் குறுஞ்செய்தி வந்து, ஆர்டர் பதிவாகவில்லை என்றால், ஒரு நாளாவது பொறுத்துவிட்டு வங்கிக் கணக்கைப் பாருங்கள். முடிவுக்கு வராத பிடித்தம் பொதுவாகத் தானே திரும்பிவிடும். உடனே இரண்டாவது முறை கட்டினால் இரண்டு உரிமங்கள் கையில் நிற்கும்.

விலையில் பார்த்த தொகையைவிட வங்கி பிடித்தது அதிகமாக இருக்கிறதா? வெளிநாட்டு நாணயத்தில் கட்டினால் வங்கி தன் மாற்றுக் கட்டணத்தைச் சேர்க்கும், அந்தக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி உண்டு. மென்பொருளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. கடைசிப் பக்கம் வரை போய் வரி சேர்ந்த தொகையைப் பார்த்த பிறகு பட்டனை அழுத்துங்கள். வங்கி அறிக்கையில் பேரலல்ஸ் என்ற பெயருக்குப் பதில் விற்பனை முகவரின் பெயர் இருக்கக்கூடும். மோசடி என்று நினைத்துக் கார்டை முடக்கும் முன் ரசீது மின்னஞ்சலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆண்டுச் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படவில்லை

2021 அக்டோபர் 1 முதல் இந்தியக் கார்டுகளில் தொடர் பிடித்தங்களுக்கு முன்கூட்டிய ஒப்புதல் பதிவு கட்டாயம். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பாக வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும், 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். பல வெளிநாட்டுக் கடைகள் இந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை, அதனால் வங்கி அந்தப் பிடித்தத்தை நிறுத்திவிடும். கணக்கில் நுழைந்து கையால் ஒருமுறை கட்டிவிட்டால் போதும். முடிவு தேதிக்கு ஒரு வாரம் முன்பே காலண்டரில் குறித்து வையுங்கள். சந்தா முடிந்த பேரலல்ஸ், விஎம்மைத் திறக்க விடாது. உள்ளே இருக்கும் கோப்புகள் அழியவில்லை என்றாலும் அவசர வேலையின் நடுவில் அது பெரிய தொல்லை.

வேண்டாத சந்தா தானாகப் புதுப்பிக்கப்பட்டுவிட்டால், முதலில் கணக்குப் பக்கத்தில் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிட்டு, பிறகு ரசீது எண்ணோடு விற்பனையாளருக்கு எழுதுங்கள். வங்கியில் நேராகப் போய் முறையீடு செய்வது கடைசி வழியாக இருக்கட்டும்.

பணம் கட்டியும் ‘டிரையல்’ என்றே காட்டுகிறது

வாங்கிய மின்னஞ்சலும் நிரலில் நுழைந்திருக்கும் மின்னஞ்சலும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஆப்பிள் கணக்கு வழியாகவும் கூகுள் கணக்கு வழியாகவும் நுழைய வசதி இருப்பதால், தெரியாமலேயே இரண்டு கணக்குகள் உருவாகிவிடும். வெளியேறி, வாங்கிய கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பழைய மேக்கில் உரிமம் ஒட்டிக்கொண்டிருந்தால், அது ஒரு மேக்குக்கானது என்பதால் புதியதில் ஏறாது. இணையக் கணக்கிலேயே பழைய கணினியை நீக்கலாம், அந்தக் கணினி கையில் இருக்க வேண்டியதில்லை. ஆப் ஸ்டோரில் வாங்கிய பேரலல்ஸ் வேறு, தளத்தில் வாங்கியது வேறு. ஒன்றின் சந்தா மற்றொன்றில் செல்லாது. ஆப் ஸ்டோரில் கிடைப்பது வசதிகள் குறைந்த பதிப்பு என்பதையும் வாங்கும் முன் நினைவில் வையுங்கள்.

எல்லாம் வாங்கியாயிற்று, உள்ளே விண்டோஸ் ‘ஆக்டிவேட் செய்’ என்கிறது

விர்ச்சுவல் மெஷின் மென்பொருளுக்கு ஓர் உரிமம், அதற்குள் ஓடும் விண்டோஸுக்கு இன்னோர் உரிமம். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. பேரலல்ஸுக்குக் கொடுத்த பணத்தில் விண்டோஸ் வராது. லேப்டாப்போடு வந்த விண்டோஸ் உரிமம் அந்த லேப்டாப்போடு கட்டப்பட்டது, அதை விஎம்முக்குள் கொண்டுபோக முடியாது. எம்1 தொடங்கி ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட மேக்குகளில் விண்டோஸ் 11-இன் ஆர்ம் பதிப்பு (அந்த வகைச் சிப்புக்கு எழுதப்பட்டது) ஓடும். அதன் ப்ரோ, என்டர்பிரைஸ் பதிப்புகளை பேரலல்ஸில் இயக்க மைக்ரோசாஃப்ட் 2023 பிப்ரவரியில் முறைப்படி ஒப்புக்கொண்டது. ஆக்டிவேட் செய்யாத விண்டோஸும் ஓடத்தான் செய்யும். மூலையில் எழுத்து நிற்கும், திரைப் பின்னணி போன்ற சில அமைப்புகளை மாற்ற முடியாது. ஒரு நிரலைச் சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே விண்டோஸ் உரிமம் வாங்க ஓடாதீர்கள்.

நேற்று வரை ஆக்டிவேட் ஆகியிருந்த விண்டோஸ், விஎம்மை இடம் மாற்றியதும் திடீரென்று கேட்கத் தொடங்கினால் காரணம் வேறு. விஎம்வேரில் கோப்புறையை வேறு டிஸ்க்குக்குக் கொண்டுபோய்த் திறந்தால், “நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா” என்று ஒரு கேள்வி வரும். நகலெடுத்தேன் என்றால் அது புதிய அடையாள எண்ணும் புதிய நெட்வொர்க் கார்டு முகவரியும் கொடுத்துவிடும். விண்டோஸுக்கு அது வேறு கணினி. ஒரே விஎம்மைத்தான் தொடர்ந்து பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் ‘நகர்த்தினேன்’ என்பதையே அழுத்துங்கள். தவறாக அழுத்திவிட்டால், முதலில் எடுத்து வைத்த நகலிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

மேம்படுத்திய பிறகு விஎம் திறக்கவில்லை

நான்கு வகையாக இது வரும்.

சஸ்பெண்டிலிருந்து எழும்போது பாதியில் நின்றுவிடுகிறது: பழைய பதிப்பில் உறங்கவைத்த விஎம்மைப் புதிய பதிப்பு எழுப்ப முடியாமல் திணறுகிறது, அல்லது பிராசஸர் மாறியிருக்கிறது. சஸ்பெண்ட் நிலையை நீக்கிவிட்டுப் புதிதாக பூட் செய்ய வேண்டும். அப்போது சேமிக்காமல் திறந்திருந்த கோப்புகள் போய்விடும். பழைய பதிப்பு வேறு கணினியில் இருந்தால் அங்கே எழுப்பி ஷட்டவுன் செய்துவிட்டு வாருங்கள்.

“ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது” என்று சொல்லி உரிமை எடுத்துக்கொள்ளும் பட்டனைக் காட்டுகிறது, அழுத்தினாலும் ஏற்கவில்லை: டாஸ்க் மேனேஜரில் விஎம்வேரின் எந்தச் செயலியும் பின்னால் ஓடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு விஎம் கோப்புறைக்குள் ‘எல்சிகே’ என்று முடியும் துணைக் கோப்புறைகளை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள். அவை வெறும் பூட்டுகள், தரவு எதுவும் அவற்றில் இல்லை.

“இதைவிடப் புதிய பதிப்பில் உருவாக்கப்பட்டது” என்கிறது: ஒவ்வொரு விஎம்முக்கும் ஒரு வன்பொருள் பதிப்பு எண் உண்டு. வொர்க்ஸ்டேஷன் 16.2-இல் அது 19 வரை, 17.5-இல் 21 வரை. புதிய கணினியில் எண்ணை ஏற்றிவிட்டு, விஎம்மைப் பழைய கணினிக்குக் கொண்டுபோனால் அது மறுக்கும். புதிய கணினியிலேயே வன்பொருள் பொருத்தத்தைக் கீழிறக்கலாம். மேம்படுத்திய கையோடு இந்த எண்ணையும் ஏற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பழைய எண்ணிலேயே அது நன்றாக ஓடும். குறிப்பிட்ட ஒரு வசதி தேவைப்பட்டால் ஒழிய நான் ஏற்றச் சொல்ல மாட்டேன்.

நான்காவதுதான் உண்மையிலேயே பயப்பட வேண்டியது. விண்டோஸ் 11-ஐ நிறுவ, பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் டிபிஎம் சிப் தேவை, விஎம்மில் அதை மென்பொருளாகச் சேர்க்க வேண்டுமானால் விஎம்மை மறையாக்கம் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்ய வேண்டும். உருவாக்கும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும், “இந்தக் கணினியில் நினைவில் வை” என்ற கட்டத்தில் டிக் இருந்திருக்கும். அன்றிலிருந்து அது கேட்கவே கேட்காது, நாமும் மறந்துவிடுவோம். புதிய லேப்டாப் வாங்கி, கோப்புறையை நகலெடுத்துத் திறக்கும் அன்றுதான் கடவுச்சொல் கேட்கும். தெரியாவிட்டால் அந்த விஎம் போனதுதான். புதிய பதிப்பு வாங்கினாலும், எந்த ஆதரவு மையத்தைக் கூப்பிட்டாலும் திறக்காது. எனவே பழைய கணினியை விற்கவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம். மேக்கில் ஃபியூஷன் என்றால் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கீசெயினில் தேடுங்கள், அங்கே படித்துக்கொள்ளலாம். விண்டோஸ் என்றால், பழைய கணினியில் விஎம் இன்னும் திறக்கும்போதே உள்ளே இருக்கும் கோப்புகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். இதைப் படிக்கும்போது உங்களிடம் விண்டோஸ் 11 விஎம் இருந்தால், கடவுச்சொல் தெரியுமா என்று இன்றே சரிபாருங்கள்.

திறக்கிறது, ஆனால் ஆமை வேகம்

விர்ச்சுவல்பாக்ஸில் விஎம் ஓடும்போது ஜன்னலின் கீழ் வலது மூலையில் வரிசையாகச் சிறு ஐகான்கள் இருக்கும். அவற்றில் பச்சை ஆமை தெரிந்தால் காரணம் கையில் கிடைத்தது. விண்டோஸோடு வரும் விஎம் அமைப்பான ஹைப்பர்-வி, விஎம்களை ஓட்ட உதவும் பிராசஸரின் மெய்நிகராக்க வசதியைத் தானே பிடித்து வைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தோளில் ஏறி ஓடுகிறது. விஎம்வேரும் 15.5.5 பதிப்பு முதல் இப்படி ஓடப் பழகியது. அதற்கு முந்தையது என்றால் விண்டோஸின் ‘டிவைஸ் கார்ட்’ என்ற பாதுகாப்பு வசதியோடு ஒத்துப்போகாது என்று திறக்கவே மறுக்கும். அங்கே மட்டும் மேம்படுத்தல் உண்மையான மருந்து.

விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றையும் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசோலேஷனுக்குள் மெமரி இன்டெக்ரிட்டியும் உண்டு. இவற்றை அணைத்து மறுதொடக்கம் செய்தால் ஆமை போய்விடும். ஆனால் டாக்கர் டெஸ்க்டாப்பும் விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸும் இவற்றை நம்பித்தான் ஓடுகின்றன. மெமரி இன்டெக்ரிட்டி ஒரு பாதுகாப்பு அரண். அதனால் வேகம் போதும் என்றால் ஆமையை அப்படியே விட்டுவிடுங்கள்.

மெய்நிகராக்கமே இல்லை என்று பிழை வந்தால் டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்தில் ‘விர்ச்சுவலைசேஷன்’ வரியைப் பாருங்கள். பயாஸ் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை நிரல்) அப்டேட்டுக்குப் பிறகு இது அணைந்துபோவது உண்டு. பயாஸில் இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும்.

லினக்ஸில் கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு ஓடவில்லை

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் மாறியதும், அதோடு இணைந்து ஓடும் விஎம் நிரலின் பகுதிகளை (கெர்னல் மாட்யூல்கள்) மறுபடி தொகுக்க வேண்டும். ஹெட்டர் கோப்புகள் அதே கெர்னல் பதிப்புக்கு உரியவையாக நிறுவப்பட்டிருக்க வேண்டும். தொகுத்தும் ஏறவில்லை என்றால், கையொப்பமில்லாத நிரல்களை அனுமதிக்காத செக்யூர் பூட் தடுக்கிறது; மாட்யூல்களுக்குக் கையொப்பமிட்டு அந்தச் சாவியைப் பதிவு செய்யுங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸ் எக்ஸ்டென்ஷன் பேக் ஏறவில்லை, அல்லது பணம் கேட்டுக் கடிதம் வந்தது

எக்ஸ்டென்ஷன் பேக் என்பது விர்ச்சுவல்பாக்ஸில் தனியே சேர்க்கும் கூடுதல் வசதித் தொகுப்பு. பேக்கின் பதிப்பும் நிரலின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். நிரலை மேம்படுத்தினால் பேக்கையும் கூடவே மாற்றுங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படை நிரல் கட்டற்ற மென்பொருள், 7.0 முதல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் வருகிறது. எக்ஸ்டென்ஷன் பேக் அப்படியல்ல. சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் சோதித்துப் பார்ப்பதற்கும்தான் இலவசம், அலுவலக வேலைக்கு அதை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனத்திடம் உரிமம் வாங்க வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், பலர் அதை நிறுவியதே யுஎஸ்பி 2, 3-க்காகத்தான், 7.0 முதல் அந்த வசதி அடிப்படை நிரலுக்கே வந்துவிட்டது. அலுவலகக் கணினியில் பேக் தேவையில்லை என்றால் இப்போதே நீக்கிவிடுங்கள்.

மேக்கைப் புதுப்பித்ததும் பழைய பேரலல்ஸ் முரண்டு பிடிக்கிறது

பேரலல்ஸ் ஸ்டாண்டர்டு பதிப்பை ஒரே தடவை கட்டணமாகவும் வாங்கலாம், ஆனால் அந்த உரிமம் அந்தப் பதிப்புக்கு மட்டும். ஆண்டுதோறும் புதிய மேக் இயங்குதளத்தை ஒட்டிப் புதிய பேரலல்ஸ் வரும், பழையது அதில் ஓடும் என்ற உத்தரவாதம் இல்லை. இயங்குதளத்தை ஆண்டுக்கொரு முறை மாற்றுபவர்களுக்குச் சந்தா மலிவு. ஒரே இயங்குதளத்தில் மூன்று நான்கு ஆண்டுகள் இருப்பவர்களுக்கு ஒரே தடவைக் கட்டணம் மலிவு. மேம்படுத்தச் சொல்லும் மின்னஞ்சலில் தள்ளுபடி விலை இருக்கும், அதைக் கடையின் புதுச் சந்தா விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ப்ரோவுக்குத் தாவும் முன் விஎம்முக்கு எவ்வளவு நினைவகம் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ஸ்டாண்டர்டு 8 ஜிபியும் நான்கு சிபியுவும் வரை கொடுக்கும், ஆபீஸ், கணக்கு நிரல்களுக்கு அது தாராளம். பணம் கட்ட மனமில்லை என்றால் ஃபியூஷனும், யுடிஎம் என்ற இன்னொரு விஎம் நிரலும் இலவசமாக இருக்கின்றன, விர்ச்சுவல்பாக்ஸ் 7.2-உம் ஆப்பிள் சிப் மேக்கில் ஆர்ம் விண்டோஸை ஓட்டும்.

இன்டெல் மேக்கில் வைத்திருந்த விண்டோஸ் விஎம்மை எம் வரிசை மேக்கில் திறக்க முடியவில்லை என்றால், அது பதிப்புப் பிரச்சினை அல்ல. உள்ளே இருக்கும் விண்டோஸ் வேறு வகைப் பிராசஸருக்கு எழுதப்பட்டது. எவ்வளவு பணம் கட்டினாலும் வேகமாக ஓடாது. பழைய விஎம்மின் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, புதிய மேக்கில் ஆர்ம் விண்டோஸைப் புதிதாக நிறுவி, நிரல்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். டிரைவர் தேவைப்படும் பழைய பிரிண்டரோ டாங்கிளோ (நிரலின் உரிமத்துக்காக யுஎஸ்பியில் செருகும் கருவி) இருந்தால், அதற்கு ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்பதைச் சந்தா கட்டும் முன் டிரையல் காலத்திலேயே பார்த்துவிடுங்கள்.